சீமையும் நாடும்: ஒரு பேரி மரத்தின் கணக்கு

1

அப்பா குன்னூரில் ஒரு பங்களாவில் இருபது வருஷத்துக்கு மேல் தோட்ட வேலை பார்த்தார். 1981இல் வேலையை விட்டுவிட்டுத் தாராபுரத்துக்குத் திரும்பியபோது சாக்கில் சுற்றி ஒரு பேரிக் கன்றைக் கொண்டுவந்தார். புழக்கடையில் குழி வெட்டி, செம்மண்ணும் சாணி எருவும் போட்டு நட்டார். மேற்கு வெயிலுக்குத் தென்னங்கீற்றுத் தட்டி. சித்திரையில் நனைத்த சாக்கைத் தண்டைச் சுற்றிக் கட்டுவார். மரம் சாகவில்லை. மூன்று வருஷம் இலை விட்டது, ஓரம் கருகியது, மறுபடி விட்டது. பூ மட்டும் வைக்கவே இல்லை.

அம்மா சொன்ன வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: 'ஏனுங்க, குடிக்கறதுக்கே ஒரு கொடம் தண்ணிக்கு அலையறேன். உங்க மரத்துக்கு நாளைக்கு ரெண்டு கொடம் வேணுமாக்கும்?' தெருக்குழாயிலிருந்து அந்த இரண்டு குடத்தையும் இடுப்பில் சுமந்தவர் அம்மா. ஊற்றியவர் அப்பா. மரத்தை ஊர்க்காரர்கள் 'அவரு மரம்' என்றுதான் சொன்னார்கள்.

ரொம்ப நாளாக இதை ஒரு மனிதரின் கிறுக்கு என்றே நினைத்திருந்தேன். இன்று இதை ஒரு வரலாற்றுப் பிரதியாக வாசிக்கத் தோன்றுகிறது. ஒரு செடியை அதன் தட்பவெப்பத்துக்கு வெளியே உயிரோடு வைத்திருப்பது ஒரு செலவு. அதை யார் செய்கிறார்கள், அது யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதே என் கேள்வி.

2

1819இல் நீலகிரி மலையேறிய கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், 1820களின் தொடக்கத்தில் உதகையில் ஸ்டோன் ஹவுஸைக் கட்டினார். வீட்டோடு தோட்டமும் வந்தது. உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெர்ரி, ஆப்பிள், ஓக். வெள்ளைக்காரர்கள் சொந்த ஊர் ஞாபகத்தில் வைத்தார்கள் என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். அது பாதிதான் உண்மை.

ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். உதகை சுமார் 2,240 மீட்டர். கோயமுத்தூர் சுமார் 410. ஆக, ஒரு பகல் பயணத்துக்குள் ஏறத்தாழ பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். அட்சரேகைப்படி வெப்ப மண்டலம். உடம்புக்குத் தெரிவது வேறொரு மண்டலம். இந்த முரணை முதலில் சோதித்துப் பார்த்தது வீட்டுக் கொல்லைதான். ஐரோப்பிய உடல் இங்கே பிழைக்குமா என்ற கேள்விக்குக் காய்கறிப் பாத்தி பதில் சொன்னது. நோயாளிச் சிப்பாய்களுக்கான உடல்தேற்று விடுதி, வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு, 1870லிருந்து சென்னை அரசாங்கத்தின் கோடைத் தலைநகரம் எல்லாம் அந்தப் பதிலைப் பின்தொடர்ந்து வந்தவை.

உதகை தாவரவியல் பூங்காவின் தொடக்கமும் ஒரு அடுப்படித் தேவைதான். 1845இல் ஐரோப்பியக் குடியிருப்பாளர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு, மலிவாகக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் வைத்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. 1848இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்கைவர் வந்த பிறகுதான் அது அரசின் தாவரவியல் நிறுவனமாக உருமாறியது. சந்தாக் காய்கறி அறிவியலானது இப்படித்தான்.

தோட்டம் எந்த இடத்தில் வந்தது? தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியில். உழாத நிலம் வருவாய்த் துறையின் மொழியில் தரிசு. தரிசு என்ற சொல் ஒரு வர்ணனை அல்ல, ஒரு அதிகாரச் செயல்பாடு. அதைச் சொன்ன மாத்திரத்தில் மேய்ச்சலும், மந்தும், பால்மனைச் சடங்குகளும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. சல்லிவன் தோடர்களின் நில உரிமைக்காக அரசாங்கத்திடம் வாதாடியவர் என்பதையும் சொல்ல வேண்டும். அது அவரை நேர்மையானவராக்குகிறது, தோட்டத்தை நிரபராதியாக்கவில்லை. இன்றும் பூங்காவின் மேல்பக்கம் ஒரு தோடர் மந்து இருக்கிறது. பயணிகள் பூப்பாத்திகளைப் பார்த்துவிட்டு, அதையும் 'பார்க்க' ஏறிப்போகிறார்கள்.

பிறகு வேலி திறக்கிறது. 1843இல் தைலமரம் வந்தது. அதே காலத்தையொட்டி சீகை மரம். 1860களில் ஆண்டிஸ் மலையின் சின்கோனா. நடுவட்டத்து சின்கோனாத் தோட்டங்களில் மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து நாடு கடத்தப்பட்ட சீனக் கைதிகள் வேலை செய்தார்கள். உரித்த பட்டை திரும்ப வளர, மரத்தின் மேல் பாசியைப் பொத்திக் கட்டும் முறையைக் கண்டுபிடித்ததற்காக மெக்கைவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பாசியைக் கட்டிய கைகளுக்கு அங்கே பெயர் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் விறகுக்கும் தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று இதே மரங்களைப் புல்வெளிகளில் வனத்துறை நட்டுக்கொண்டே போனது. வெள்ளைக்காரன் போயிட்டான், தரிசு என்ற சொல் போகல.

3

இந்த இடத்தில் ஒரு சுலபமான முடிவு காத்திருக்கிறது: அந்நியச் செடி கெட்டது, நாட்டுச் செடி நல்லது. இதை நான் ஏற்கவில்லை.

நம் சந்தையில் 'இங்கிலீஷ் காய்', 'நாட்டுக்காய்' என்று இரண்டு கூறு. கேரட், பீன்ஸ், பீட்ரூட், கோஸ் இங்கிலீஷ் காய். ஆனால் 'நாட்டுத் தக்காளி' என்று கேட்டு வாங்குகிறோமே, தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகாயும் அப்படியே. மிளகின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்து, மிளகையே ஓரங்கட்டியது அது. நிலக்கடலை, பப்பாளி, மரவள்ளி எல்லாமே வந்தேறிகள். 'சீமை' என்ற முன்னொட்டு சில செடிகளோடு ஒட்டிக்கொண்டது, சிலவற்றிலிருந்து உதிர்ந்துபோனது. எனவே நாடு, சீமை என்பவை தாவரத்தின் குணங்கள் அல்ல. மொழி நடத்தும் குடியுரிமைப் பதிவு.

இந்தப் பதிவேட்டைப் பிசகில்லாமல் வைத்திருக்கும் ஒரு இடம் உண்டு. அது பிராமண வீட்டுத் திவசச் சமையல். அங்கே மிளகாய் கிடையாது, மிளகு. தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ் கிடையாது. நானூறு வருஷத்துக்குப் பிறகும் யார் வெளியாள் என்பது அங்கே மறக்கப்படவில்லை. பூர்வீகத்தைக் கணக்கு வைக்கும் தர்க்கமும் தீட்டைக் கணக்கு வைக்கும் தர்க்கமும் ஒரே அடுப்பில் வேகின்றன என்று சொன்னால் கோபம் வரலாம். வரட்டும். செடிகளில் 'மண்ணின் மைந்தர்' தேடுகிறவர்கள் நாளைக்கு மனிதர்களிலும் தேடுவார்கள் என்பதே என் பயம்.

2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது ஊரே சேர்ந்து கொண்டாடியது. நீரையும் மேய்ச்சலையும் அந்த மரம் என்ன செய்கிறது என்பதில் நியாயமான கேள்விகள் இருக்கின்றன. ஆனால் ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களின் கணக்கை எத்தனை பேர் கேட்டார்கள்? மரத்தின் பிறந்த ஊரை விசாரித்த அளவுக்கு, அதன் கீழே வாழ்கிறவர்களை விசாரிக்கவில்லை. நீலகிரியில் புல்வெளி மீள வேண்டும் என்று நானும் சொல்கிறேன். சீகை ஆஸ்திரேலியாவில் பிறந்தது என்பதற்காக அல்ல. புல்வெளி பறிபோனதன் விலையைத் தோடர்களும் எருமைகளும் கொடுத்தார்கள் என்பதற்காக.

4

பேரி ஏன் பூக்கவில்லை என்பதற்கு விடை புத்தகத்தில் இருக்கிறது. மலைப்பழ மரங்கள் பலவற்றுக்கு, ஏழு டிகிரிக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணி நேரக் குளிர் கிடைத்தால்தான் மொட்டு விழிக்கும். தண்ணீரும் நிழலும் மரத்தைக் காப்பாற்றலாம்; குளிருக்கு ஈடாகாது. அப்பாவுக்கு இது தெரிந்தே இருந்தது. 'அதுக்குத் தூக்கம் பத்தல' என்பார். தெரிந்தும் ஏன் நட்டார்? பங்களாவில் இருபது வருஷம் பேரிக்குக் கவாத்துப் பண்ணியவர், ஒரு மரமாவது தன் மரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கலாம். அந்த ஆசையை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் மலையில் அவருடைய உழைப்பு துரையின் பெயரில் நின்றதுபோல, கீழே அம்மாவின் உழைப்பு அவர் பெயரில் நின்றது. தோட்டம் இடம் மாறியது. கணக்கு எழுதும் முறை மாறவில்லை.

நாலாம் வருஷம் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குடம் நின்றது. ஆடி பிறப்பதற்குள் மரம் பட்டுப்போச்சு. அப்பா அதன் பக்கம் போகவில்லை. வெட்டி விறகாக்கியதும் அம்மாதான். ரெண்டு நாள் வெந்நீர் காய்ந்தது.