லைட் பிரிகேட் தாக்குதல் (1854)

கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, கருங்கடல் ஓரத் துறைமுகமான பாலக்லாவாவுக்கு அருகே ஏறத்தாழ 670 பிரிட்டிஷ் குதிரைவீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நேருக்கு நேர் தாக்கிச் சிதைந்த நிகழ்ச்சி இது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த டென்னிசனின் கவிதையால் உலகெங்கும் அறியப்பட்டது. கவிதை வீரத்தைப் பாடியது. அழிவுக்கான காரணத்தை நிலத்தின் ஏற்ற இறக்கத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

பழனிமலை அடிவாரத்துக் கன்னிவாடியை அறிந்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். மலைமேல் நிற்பவருக்கு ஊர், குளம், தோப்பு, பாதை எல்லாம் பாய் விரித்ததுபோல் தெரியும். கீழே வரப்பில் நிற்பவருக்கோ எதிரே உள்ள கரட்டுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது தெரியாது. பாலக்லாவாவில் தலைமைத் தளபதி ரேக்லன் பிரபு உயர்ந்த மேட்டில் நின்றார். குதிரைப்படைத் தளபதி லூக்கன் பிரபு பள்ளத்தாக்கில் நின்றார்.

அன்று காலை ரஷ்யர்கள், சமவெளியின் நடுவே ஓடிய மேட்டில் பிரிட்டிஷாரின் கூட்டாளிகளான துருக்கியப் படையினர் காத்த காவலரண்களைப் பிடித்திருந்தனர். அங்கிருந்த பிரிட்டிஷ் பீரங்கிகளை அவர்கள் இழுத்துச் செல்வதாக ரேக்லனுக்குத் தோன்றியது. குதிரைப்படை விரைந்து முன்னேறி அதைத் தடுக்கட்டும் என்றார்; ஜெனரல் ஏரி அதைத் துண்டுத்தாளில் எழுதினார். எந்தப் பீரங்கிகள், எந்தத் திசை என்பது அதில் இல்லை. மேலிருந்து பார்த்தவருக்கு அதைச் சொல்லத் தேவையே தோன்றவில்லை. லூக்கன் கண்ணுக்கு அந்த மேட்டுப் பீரங்கிகள் படவில்லை.

தாளைக் கொண்டுவந்தவர் கேப்டன் லூயிஸ் நோலன். இவருக்கும் நம் மண்ணுக்கும் தொடர்புண்டு. 15ஆம் ஹுஸார் படையில் இந்தியாவில் பணியாற்றி, மதராஸ் கவர்னர் சர் ஹென்றி பாட்டிங்கரின் துணை அதிகாரியாகவும் (ஏ.டி.சி.) இருந்தவர். குதிரைப்படை உத்திகளைப் பற்றி 1853இல் நூல் வெளியிட்டவர். துணிந்து நடத்தினால் குதிரைப்படை எதையும் உடைக்கும் என்று நம்பியவர். அன்று காலையில் லூக்கன் காட்டிய தயக்கம் அவரைக் கொதிக்க வைத்திருந்தது. எந்தப் பீரங்கிகள் என்று லூக்கன் கேட்டபோது நோலன் பொறுமையிழந்து கையை வீசிக் காட்டினார். அந்தக் கை பள்ளத்தாக்கின் கோடியை நோக்கியதாகவே லூக்கன் எடுத்துக்கொண்டார். கோடியில் ரஷ்யப் பீரங்கி வரிசை நின்றது; அதன் பின்னே குதிரைப்படை.

லூக்கனின் கீழிருந்த இலகுரகக் குதிரைப்படைப் பிரிவான லைட் பிரிகேடின் தலைவர் கார்டிகன் பிரபு. அவர் தங்கையை மணந்தவர் லூக்கன். மைத்துனர்கள் இருவருக்கும் நெடுங்காலப் பகை. மனம்விட்டுப் பேசும் இருவராக இருந்திருந்தால், ஆணையை மேலே அனுப்பி விளக்கம் கேட்டிருக்கலாம் என்றே நினைக்கத் தோன்றுகிறது. கார்டிகன், எதிரேயும் இருபுறமும் பீரங்கிகள் இருப்பதை எடுத்துச் சொன்னார். லூக்கன், தலைமைத் தளபதியின் விருப்பம் என்றார். பேச்சு அத்தோடு நின்றது.

படை புறப்பட்டதுமே நோலன் குறுக்கே பாய்ந்து முன்னால் சென்றார். தடுக்கவா, உற்சாகத்திலா என்று இன்றும் வாதிடுகிறார்கள். முதற்குண்டுகளில் ஒன்றின் சிதறல் அவரைக் கொன்றது. சுமார் 2 கிலோமீட்டர் தூரம் மூன்று பக்கமும் குண்டு பொழிய, எஞ்சியவர்கள் கோடிப் பீரங்கிகளை எட்டி அவற்றை இயக்கியவர்களை வெட்டினர். ஆனால் பிடித்ததைத் தக்கவைக்க ஆளில்லை. பின்தொடர்ந்த கனரகக் குதிரைப்படைப் பிரிவான ஹெவி பிரிகேடை லூக்கன் பாதியிலேயே நிறுத்திவிட்டார். காலாட்படையும் வந்து சேரவில்லை. வடக்கு மேட்டுப் பீரங்கிகளைப் பிரெஞ்சுக் குதிரைப்படை விரட்டியதால்தான் திரும்பியவர்கள் ஒரு பக்கத்துத் தீயிலிருந்தாவது தப்பினர். ஏறத்தாழ 110 வீரர்கள் மாண்டனர். 160 பேர் அளவில் காயமுற்றனர். முந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் அழிந்தன. எல்லாம் சுமார் 20 நிமிடத்தில் முடிந்தது.

நடுமேடு ரஷ்யர் வசமே நின்றது. ரஷ்ய நகரை முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் படைக்கு அந்த மேட்டின்மேல் சென்ற நல்ல சாலை இல்லாமற்போக, அந்தக் குளிர்காலத்தில் வீரர்கள் சேற்று வழியில் உணவும் உடையும் சுமந்து அல்லலுற்றனர். ரேக்லன் பழியை லூக்கன்மேல் சுமத்தினார். 1855இல் லூக்கன் திருப்பி அழைக்கப்பட்டார். இராணுவ நீதிமன்ற விசாரணை கோரிய அவருக்கு அது மறுக்கப்பட்டது. ஏரி எழுதிய அந்தத் துண்டுத்தாள் லண்டனில் உள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.