கொன்ஸ்டன்ஸ் தீயும் மட்டக்களப்பு வாவியும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால் ஓந்தாச்சிமடமும் கோட்டைக்கல்லாறும் தாண்டிப் பெரியகல்லாறு வரும். கோயில்கள் நிறைந்த அந்த ஊரில் மெதடிஸ்த திருச்சபையாரின் ஆலயம் ஒன்றும் உண்டு. அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். அதில் பொய்யில்லை. ஆனால் நேயர்களே, அது வந்த தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் இங்கிலாந்தில் நின்றுவிட முடியாது. கடலே இல்லாத செக் நாட்டில், தீயில் மாண்ட ஒரு குருவானவரிடம் போய்ச் சேருவோம். அவர் பெயர் ஜோன் ஹஸ்.

மார்ட்டின் லூதர் பிறப்பதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பே மாண்டவர் ஹஸ். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பிராக் பல்கலைக்கழகத்தில் கற்று, 1409இல் அதன் தலைவராகவும் உயர்ந்தார். எனினும் அவரை மக்கள் அறிந்தது பெத்லகேம் சிற்றாலயத்தின் பிரசங்கியாகத்தான். லத்தீனே வழிபாட்டு மொழியாக இருந்த காலத்தில், செக் மொழியில் பிரசங்கம் கேட்பதற்கென்றே 1391இல் எழுப்பப்பட்ட மண்டபம் அது. அங்கே 1402 முதல் ஹஸ் பேசினார். கைவினைஞரும் கடைக்காரரும் வேலைக்காரப் பெண்களும் தாங்கள் சமையலறையில் பேசுகின்ற மொழியிலேயே வேதத்தைக் கேட்டார்கள். பாட்டும் அம்மொழியிலேயே நடந்தது. இங்கிலாந்தின் ஜோன் விக்ளிஃபிடமிருந்து அவர் பெற்றுக்கொண்ட கருத்துக்கள் பல. குருமாரின் பணத்தாசையையும் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தையும் அவர் தாக்கியபோது மேலிடம் பொறுக்கவில்லை.

கொன்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு அவரை அழைத்தார்கள். பாதுகாப்பாகப் போய் வரலாம் என்று மன்னன் சிகிஸ்மண்ட் உறுதி கொடுத்தான். போனவரைச் சிறையில் அடைத்தார்கள். வேதத்தைக்கொண்டு என் பிழையைக் காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்பதே அவரது நிலைப்பாடு. 1415 ஜூலை 6ஆம் நாள் அவரை எரித்துச் சாம்பலை ரைன் நதியில் கொட்டினார்கள். அந்தக் கொடுஞ்சாவுக்காகப் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது 1999 டிசம்பரில். இடையில் ஐந்நூற்று எண்பத்துநான்கு ஆண்டுகள்!

ஹஸின் பெயரால் பிறகு வாளெடுத்தவர்களும் உண்டு. போர் பல ஆண்டுகள் நடந்தது, தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். அந்தக் கதையை விட்டுவிடலாம். வாள் வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் 1457இல் 'சகோதரர் ஐக்கியம்' என்ற சிறு சபையாகத் திரண்டார்கள். வேதாகமத்தைச் செக் மொழியில் பெயர்த்தார்கள். ஆணும் பெண்ணும் செல்வரும் ஏழையும் எல்லோரும் படிக்கவேண்டும் என்று எழுதிய கல்வியாளர் கொமீனியஸ் அச்சபையின் ஆயர்தான். துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு எஞ்சியவர்கள் 1722இல் ஜேர்மன் நாட்டில் சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறினார்கள். மொரேவியர் என்று உலகம் அவர்களை அழைத்தது.

இனி நம் கடலுக்கு வருவோம். 1736 ஜனவரியில் அமெரிக்கா நோக்கிச் சென்ற கப்பலொன்று புயலில் சிக்கியது. ஆங்கிலேயர் அலறினார்கள். அதே கப்பலிலிருந்த மொரேவியர் தொடங்கிய பாட்டை நிறுத்தவில்லை. பெண்களும் பிள்ளைகளுங்கூட அஞ்சவில்லை. இதைப் பார்த்து நாணியவர் ஜோன் வெஸ்லி என்ற இளம் குருவானவர். 1738 மே 24இல் லண்டன் ஓல்டர்ஸ்கேற் வீதிக் கூட்டமொன்றில், லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டு அவர் மனம் திரும்பியது. அங்கே அவரைக் கொண்டு சேர்த்தது மொரேவியரின் நட்பே. பின்னர் அவர்களோடு பிணங்கிப் பிரிந்தார் என்றாலும், பாட்டும் வெட்டவெளிப் பிரசங்கமும் சிறு கூட்டங்களுமாக மெதடிஸ்தம் வளர்ந்தது.

மொரேவியரே இலங்கைக்கு நேராகவும் வந்து பார்த்தார்கள். 1740இல் இருவர் கொழும்பில் இறங்கினார்கள். அவர்களைத் துரத்தியவர்கள் யார்? புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தரே! ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை என்று அரசாங்கக் கட்டளையால் கிறிஸ்தவம் வளர்த்தவர்கள் அவர்கள். ஹஸின் வழிவந்தவர்களை ஹஸைக் கொண்டாடவேண்டிய திருச்சபையே வெளியேற்றியதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? கட்டளையால் வந்த அந்த மதம், ஆங்கிலேயர் வந்து கட்டளை தளர்ந்ததும் பெருமளவு உதிர்ந்துபோனது. கண்ணகி கோயில்களில் குளுத்தி பாடுவதை நம் மக்கள் விட்டுவிடவும் இல்லை.

வெஸ்லியின் தோழர் தோமஸ் கோக், தம் முதுமையில், சொந்தப் பணத்தையும் கொட்டி இலங்கைக்கு ஒரு குழுவைத் திரட்டினார். 1814 மே 3ஆம் நாள் கப்பலிலேயே இறந்து இந்து சமுத்திரத்தில் அடக்கமானார். குழுவில் வில்லியம் ஓல்ட் என்பவரின் இளம் மனைவியும் வழியிலேயே இறந்துவிட்டார். ஜூன் 29இல் மிஞ்சியவர்கள் காலியில் கரையேறி, ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டபோது ஓல்டுக்கு வாய்த்தது மட்டக்களப்பு. தனியாகவே வந்தார். பாடசாலை திறந்தார். 1815 ஏப்ரல் 1ஆம் நாள் மட்டக்களப்பிலேயே மாண்டார். ஓராண்டுகூட நிறையவில்லை. இன்றும் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் ஆண்டுக் கணக்கை 1814இலிருந்தே எண்ணுகிறது.

இந்த மரபின் பயனை மதம் மாறியவர்களின் தலைக்கணக்கால் அளப்பது என் மனதுக்கு ஒவ்வவில்லை. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்தப் பாதிரியார் பேர்சிவலோடிருந்து வேதாகமத்தைத் தமிழில் செம்மை செய்தவர் ஆறுமுக நாவலர். அங்கே கண்ட பிரசங்க முறையை 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலுக்குள் கொண்டுபோனவரும் அவரே. யாருக்கு எதிராக என்பது தெரிந்ததுதான். ஆனால் படித்தவன் எழுந்து நின்று, பாமரனுக்கு அவன் மொழியில் சமயம் சொல்லும் அந்த வடிவம் பெத்லகேம் சிற்றாலயத்தில் கூட்டம் கூட்டிய வடிவமே.

நம் கரையிலும் அப்படித்தான். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற சிறுவன் கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் ஆங்கிலம் பயின்றான். பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரிக்குப் போனான். வளர்ந்து துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரானவர், மிஷன் பாடசாலையில் படிப்பதற்காக ஒரு பிள்ளை தன் சமயத்தை விடவேண்டிய நிலை கூடாதென்று உழைத்தார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.