எண்ணும் எழுத்தும்: மதிப்பீட்டுப் பயிற்சி

தமிழ்நாட்டில் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய வந்தது. தொடக்க வகுப்புக் குழந்தைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்படுகின்றனர். பிரிப்பது ஆசிரியர் என்பதால் அவருக்குப் பருவந்தோறும் பயிற்சி உண்டு.

இப்படிப் பிரிப்பதில் வாசிப்பை மதிப்பிடுவதே கடினம். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தை வாசிப்பது போலவே தோன்றும். சொற்களை வரிசை மாற்றிக் காட்டினால் உண்மை தெரியும். எழுத்திலும் பிழையின் வகையே முக்கியம். ‘தேன்’ என்பதைத் ‘தென்’ என எழுதுபவருக்குக் குறில்-நெடில் பயிற்சி போதும். கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுபவருக்கு உயிர்மெய் வடிவத்தையே மறுபடி கற்பிக்க வேண்டும். மதிப்பெண் மட்டும் இந்த வேறுபாட்டைக் காட்டாது.