எரு ஆறட்டும்!

போன மாசம் மாடியில தக்காளி விதைச்சேன். ரெண்டு இலை விட்டதும் பாதிக்கு மேல தரையோட சாஞ்சுடுச்சு. தண்டோட அடி நூல் மாதிரி இளைச்சு அழுகியிருந்தது. நாற்றழுகல் நோய்! "எருவை ஆற விட்டுப் போட்டியாடா?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. இல்லை. சூடா மக்கிட்டிருந்த சமையல் குப்பையை அப்படியே அள்ளிப் போட்டிருந்தேன். ஏன் ஆறணும்னு தேடிப் போனா, பின்னாடி ஒரு வரலாறே இருக்கு மக்களே.

1926-லேயே கனடாவின் சான்ஃபோர்டு ஒரு விஷயம் எழுதினார். பசுந்தாள் உரம் உருளைக்கிழங்கில் சொறி நோயைக் குறைக்க, மண்ணில் இருக்கும் மற்ற நுண்ணுயிர்கள் காரணமா இருக்கலாம்னு. ஆனா அதுக்கப்புறம் காலம் ரசாயனத்தின் பக்கம் போச்சு. மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்தி மண்ணையே கொன்னுட்டு நாத்து விட்டாங்க. அது ஓசோனை அரிக்குதுன்னு 1992-ல் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்த்தாங்க. வளர்ந்த நாடுகளுக்கு 2005 கெடு.

இதுக்கு நடுவுல, 1970-களில் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு திருப்பம். அங்கே நாற்றங்கால்காரர்கள் பீட்டுக்குப் பதிலா மர ஆலைகள் கழிச்சுப் போட்ட மரப்பட்டையை மக்க வச்சுத் தொட்டியில் போட்டாங்க. வேரழுகல் குறைஞ்சது. ஊஸ்டரில் இருந்த ஹாரி ஹாய்ட்டிங்க் இதை விடாம ஆராய்ஞ்சார்.

1980-களில் அவர் குழு வெள்ளரி நாத்தில் பித்தியம் கிருமியை வச்சு சோதிச்சுது. குவியலோட நடுவில், 60 டிகிரி தாண்டின இடத்து எரு நோயைத் தடுக்கலை. அதையே ஆற வச்சு எடுத்தா தடுத்தது! காரணம் எளிமை. அந்தச் சூட்டில் நல்ல நுண்ணுயிர்களும் செத்துப் போகும். ஆறும்போது அதுங்க திரும்பக் குடியேறி, சாப்பாட்டுக்குப் போட்டி போட்டு, பித்தியத்தைப் பட்டினி போடும்.

ரைசோக்டோனியா கதை வேற. அதைத் தின்னக் கூடிய டிரைக்கோடெர்மா எருவில் இருக்கலாம். ஆனா மக்காத பட்டையில் செல்லுலோஸ் நிறைய கிடைக்கிறதால, அதைத் தின்னுட்டு எதிரியைக் கண்டுக்காம விட்டுடும். நல்லா மக்கினப்புறம்தான் வேட்டைக்குக் கிளம்பும். பந்தி நடக்கிற வீட்டு நாய் எலி பிடிக்குமா? :-)

எனக்குப் போனது ஒரு பாக்கெட் விதை. நாத்து விட்டுப் பிழைக்கிறவருக்கு அது ஒரு பட்டத்து வருமானம். குப்பை மருந்தாகும், ஆனா அவசரப்பட்டா அதுவே நோய்க்குத் தீனியாகும்.

இப்ப குவியலைக் கிளறி நிழல்ல ஆற வச்சிருக்கேன். கையை விட்டா சூடே இல்லாம மண்வாசம் வரணும்னாங்க அம்மா. அதுவரைக்கும் விதை டப்பாவைத் தொடறதா இல்லை.