அடுப்புக்குப் பின்னால் ஒரு சுவர்

கொத்தனார் அண்ணாச்சி உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். அடுப்பு மேடைக்கு மேலிருந்த பழைய டைல்ஸ் அப்பளம் மாதிரி கழன்று வந்தது. அதுக்குப் பின்னால் சிமெண்ட் பூச்சு மாவாகக் கொட்டியது. அதுக்கும் பின்னால் இருந்தது செங்கல் இல்லை. துளைத்துளையாக, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு குட்டி நட்சத்திரம் செதுக்கின மாதிரி, சாம்பல் வெள்ளையில் ஒரு கல்.

“கடல்கல்லு பாப்பா. இந்தப் பக்கத்துப் பழைய வீடு பூரா இதுதான்” என்றார்.

பவளம். பீச் ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் பூட்டன் காலத்து வீட்டில், அம்மா நாற்பது வருஷமாக மீன் பொரித்துக்கொண்டிருந்தது ஒரு பவளப்பாறைக்கு முன்னால் நின்று. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். “அதான் உப்புப் பூத்துக்கிட்டே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் அந்த வாரம் முழுக்க போனில் டைல்ஸ் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த சைஸ், எந்த டிசைன் என்பதுதான் என் கவலை. ஆனால் அந்தக் கல்லைப் பார்த்த பிறகு வேறொரு கேள்வி வந்தது. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரில் எதையாவது ஒட்டணும் என்று யாருக்கு, எப்போது தோன்றியது?

தூத்துக்குடியில் நெடுங்காலம் பதில் சுண்ணாம்புதான். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்தை வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். பவளத்தையும் சிப்பியையும் காளவாயில் சுட்டு, நீற்றி, அந்தச் சுவர்மேல் பூசினார்கள். முத்துக்குளித்த ஊரில் சிப்பிக்கா பஞ்சம்? விறகடுப்புப் புகை சுவரைக் கரியாக்கும். வருஷம் ஒருமுறை அதன்மேல் வெள்ளையடிப்பார்கள். யாரும் அந்தச் சுவரைத் துடைத்ததில்லை. கரியின் மேல் வெள்ளை, வெள்ளையின் மேல் கரி. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிடிக்காது. கல்லுக்குள் இருக்கிற ஈரமும் உப்பும் அதன் வழியாக வெளியே வந்து உதிர்ந்துவிடும்.

அதற்குக் கொடுத்த விலையை அப்போது யாரும் கணக்கில் எழுதவில்லை. வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. பவளத்தை வெட்டி எடுத்ததை முக்கியமான காரணமாகச் சொல்கிறார்கள். 1986இல் கடல் தேசியப் பூங்கா வந்தது, 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். எங்கள் வீட்டுச் சுவர் அதற்கெல்லாம் முந்தியது. அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியுமா என்று தெரியவில்லை.

சரி, டைல்ஸுக்கு வருவோம். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். (அவர்களுடைய கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி.! இன்றைக்கு எங்கள் துறைமுகத்துக்கும் அதே மூன்றெழுத்துதான், ஆனால் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்டவரின் பெயரில். சரித்திரத்துக்கும் நக்கல் உண்டு.) அவர்களுடைய ஊரும் ஈரம் பிடித்த கடலோர ஊர். அங்கே அடுப்பைச் சுற்றியும், தரையை ஒட்டிய சுவரடியிலும் சுமார் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் வெள்ளைப் பூச்சு ஓடு பதித்தார்கள். அதில் நீலத்தில் கப்பல், மீன், விளையாடும் பிள்ளைகள். ஏன் அவ்வளவு சின்னது? ஈரக் களிமண்ணைக் கையால் தேய்த்துச் செய்த மெல்லிய ஓடு, பெரிதாக இருந்தால் சூளையில் வளைந்துவிடும். டிசைனருடைய ரசனைக்கு முன்னால் சூளைதான் சைஸைத் தீர்மானித்தது.

அதை மாற்றியது 1840இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ப்ராஸர் காப்புரிமை வாங்கிய ஒரு முறை. களிமண்ணைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூளாக்கி அச்சில் வைத்து அழுத்துவது. சுருக்கம் குறைவு, வளைவு குறைவு, ஆயிரம் ஓடும் ஒரே அளவு. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் ஹெர்பர்ட் மின்டன் அதைப் பெரிய தொழிலாக்கினார். 6 அங்குலச் சதுரம் உலக அளவாகிப் போனது. முதல் உலகப்போரில் ஐரோப்பியச் சரக்கு நின்றதும் ஜப்பான்காரர்கள் அதே 6 அங்குலத்தைச் செய்து நம் பக்கம் அனுப்பினார்கள். ரவிவர்மா படங்களைப் பார்த்துச் செய்த லட்சுமி, சரஸ்வதி ஓடுகூட உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் பார்க்கலாம்.

எங்கே பார்க்கலாம் என்பதுதான் விஷயம். முகப்பில், வளவில், விருந்தாளி கண் படுகிற சுவரில். காரைக்குடிப் பக்கம் நான் போன வீடுகளில் எதிலும் அடுப்பங்கரைக்கு அந்த ஓடு வந்திருக்கவில்லை. புகையில் நிற்கிறவளுக்குப் பின்கட்டும் சுண்ணாம்பும்தான். அந்த அழகை ரசிக்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்கு டைல்ஸ் வந்தது கேஸ் அடுப்புக்குப் பிறகு. கேஸில் புகை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் மிஞ்சும். பிசுக்கின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, துடைக்கணும். சுண்ணாம்புச் சுவரைத் துடைக்க முடியாது. ஆக, கரி போனதால் சுவர் பளபளப்பாக வேண்டியதாயிற்று. 1958இல் இந்தியாவில் தொடங்கிய ஜான்சன் கம்பெனிக்கு மூலமே ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்தான். அதனால் நம் ஊருக்கும் அதே 6 அங்குல வெள்ளைச் சதுரம். எங்கள் சுவரிலிருந்து கழன்று விழுந்ததும் அந்த அளவுதான். விழுந்ததற்குக் காரணம் ஓடு இல்லை, உப்பு. சுண்ணாம்பு வழியாக வெளியே வந்துகொண்டிருந்த உப்பு, சிமெண்டும் டைல்ஸும் வழியை அடைத்ததும் உள்ளேயே பூத்து, ஓட்டைத் தள்ளிவிட்டது.

கடைக்கு அம்மாவையும் கூட்டிப் போனேன். இப்போது வருவதில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து. கண்ட்லா, முந்த்ராவில் கன்டெய்னர் ஏற்றிக் கப்பலிலேயே தெற்கே கொண்டுவருகிறார்கள். உப்பு விளைகிற ஒரு கரையிலிருந்து இன்னொரு உப்புக் கரைக்கு. காபி கப், திராட்சைக்குலை படம் போட்ட ‘ஹைலைட்டர்’ டைல்ஸைக் காட்டினார்கள். நான் முகம் சுளித்தேன். அப்புறம் யோசித்தால், டச்சுக்காரனின் கப்பல் படத்துக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

நான் மயங்கியது வேறொன்றில். சிப்பியின் உள்பக்கத்தை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி வலையில் ஒட்டின மொசைக் ஷீட். முத்து நிறத்தில் அப்படி மின்னியது. 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பே நடக்காத ஊரில், காளவாயில் கொட்டிச் சுட்ட பொருள், கண்ணாடிக்குள் அதிக விலையில். அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். “ஏட்டி, இதுல புளி தெறிச்சா?”

சரியான கேள்வி. சிப்பியும் சுண்ணாம்புச் சத்துதான். புளியும் எலுமிச்சையும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். அன்று ராத்திரி நோட்டில் இன்னொரு கணக்கும் போட்டேன். எங்கள் சுவர் 8 அடி அகலம், 2 அடி உயரம். ஒரு அங்குல மொசைக் என்றால் துண்டுகளுக்கு நடுவில் இருக்கிற இடுக்கின் மொத்த நீளம் 374 அடி. நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் 1904இல் பதித்து, இப்போது காபி ஷாப்புக்கெல்லாம் வந்துவிட்ட 6க்கு 3 வெள்ளை ஓடு என்றால் கிட்டத்தட்ட 87 அடி. பழைய 6 அங்குலச் சதுரம் 54 அடி. 2 அடிக்கு 1 அடி டைல்ஸ் வெறும் 14 அடி. மஞ்சளும் மிளகாய்த்தூளும் போய் உட்காருவது அந்த இடுக்கில்தான். இதைத்தான் ஒருத்தி தினமும் துணியை வைத்துத் தேய்க்கப்போகிறாள். டைல்ஸ் புத்தகங்களில் சைஸை ‘லுக்’ என்கிறார்கள். வீட்டில் அது மணிக்கட்டு.

அப்போ பெரிசுதானே என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் நூலைப் பிடித்துக் காட்டினார். சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. “பெரிய டைல்ஸ் இதுல படியாது பாப்பா. உள்ள பொள்ளலா நிக்கும். சின்னதுன்னா சுவரு போற போக்குல போயிரும்.” கடைசியில் 12க்கு 8 அங்குலம். 24 ஓடு, 30 அடி இடுக்கு. நிறம் வெள்ளை, க்ரவுட் சாம்பல், ஏனென்றால் வெள்ளை க்ரவுட் ஒரே மாதத்தில் மஞ்சளாகிவிடும் என்று அம்மா சொன்னாள். கூரைவரை ஒட்டச் சொன்ன கடைக்காரரின் யோசனையையும் அவள்தான் மறுத்தாள். எண்ணெய் தெறிக்கிற 2 அடி போதும், மேலே சுவர் மூச்சு விடட்டும்.

பூச்சை முழுக்கச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, மூன்று வாரம் காயவிட்டுத்தான் அண்ணாச்சி வேலையைத் தொடங்கினார். மூடுவதற்கு முன் அந்தக் கல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஒட்டி முடித்து ஒவ்வொரு ஓட்டையும் ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தார். ஒன்று மட்டும் ‘டொக்’ என்றது. பெயர்த்து மறுபடி ஒட்டினார்.

முதல் நாள் அம்மா சாளை பொரித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஈரத்துணியால் சுவரை நாலு இழுப்பு இழுத்தாள். டைல்ஸுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

“பொங்கலுக்கு மேல மட்டும் வெள்ளையடிச்சிரணும்” என்றாள்.