நியூஃபவுண்ட்லாந்து காட் மீன்வளம்

கனடாவின் கிழக்கே, லாப்ரடோர் கடலோரம் முதல் கிராண்ட் பேங்க்ஸ் கடலடி மேட்டின் வடபகுதி வரை வாழும் அட்லாண்டிக் காட் மீன்வளம். ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் மீன்பிடிப்புக்குத் தாக்குப்பிடித்த இம்மீன்வளம் 1992க்குள் சரிந்தது. இயற்கை வளத்தின் எல்லையைத் தவறாகக் கணிப்பதன் விளைவுக்கு, நீடித்த வளர்ச்சி பற்றிய நூல்கள் இதைச் சான்றாகக் காட்டுகின்றன.

கரைமீன்பிடிக் காலம்

1497இல் ஜான் கேபட்டின் பயணத்துக்குப் பின் போர்த்துக்கீசியர், பாஸ்க்குகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இங்கு மீன்பிடிக்க வந்தனர். கோடையில் கேப்பலின் என்னும் சிறுமீனைத் துரத்திக் காட் கரையோரம் வரும்; அப்போது தூண்டிலிலும், 19ஆம் நூற்றாண்டிலிருந்து பெட்டி வடிவப் பொறிவலையிலும் பிடித்தனர். மீனைக் கீறி, குடல் நீக்கி, உப்பிட்டு, கரையில் கட்டிய மரப் பரண்களில் உலர்த்தினர். அந்தக் கருவாடு ஐரோப்பாவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் சென்றது. குளிர்காலத்தில் ஆழ்பகுதிக்குப் போய்விடும் மீனை அன்றைய படகுகள் எட்ட முடியாததே அதற்குக் காப்பாக இருந்தது. காட் போன்ற பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்று 1883இல் லண்டன் மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி கருத்துரைத்தார்.

இழுவைக் கப்பல்கள்

1950களில் அந்தக் காப்பு அகன்றது. பிடித்த மீனைக் கப்பலிலேயே துண்டுபோட்டு உறையவைக்கும் ஆலைக் கப்பல்கள், முட்டையிடக் கூடும் மீன்கூட்டங்களைக் குளிர்காலத்திலேயே வாரின. 1968இல் மீன்பாடு 8 லட்சம் டன்னைத் தாண்டியது. பத்தே ஆண்டுகளில் 2 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக விரித்து அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. அவை விட்ட இடத்தை உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன.

கணக்குப் பிழை

இருப்பை மதிப்பிட அதிகாரிகள் இழுவைக் கப்பல்களின் மீன்பாட்டையும் அளவுகோலாகக் கொண்டனர். எண்ணிக்கை குறையும்போது காட் எஞ்சிய இடங்களில் நெருங்கித் திரளும். எதிரொலிக் கருவி வைத்திருந்த கப்பல்கள் அந்தத் திரளைத் தேடிப்பிடித்ததால் அவற்றின் மீன்பாடு குறையவில்லை. 1980களில் கரைமீனவர் வலைகளில் மீன் குறைந்தது. அவர்கள் எச்சரித்தும் அது ஏற்கப்படவில்லை. 1989இல் மறுகணிப்புச் செய்த அறிவியலாளர்கள், பிடிப்பை 1,25,000 டன்னாகக் குறைக்கச் சொன்னார்கள். வேலையிழப்புக்கு அஞ்சிய அரசு 2,35,000 டன்னை அனுமதித்தது.

தடையும் பின்விளைவும்

ரியோ புவி உச்சி மாநாடு முடிந்த சில வாரங்களில், 1992 ஜூலை 2 அன்று, மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி ஈராண்டுத் தடை அறிவித்தார். சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். கரையோர ஊர்கள் பல ஆளற்றுப் போயின. கடல்நீர் குளிர்ந்ததும் சரிவுக்குத் துணைபோனது என்பர். எனினும் மிகைப்பிடிப்பே முதற்காரணமாகக் கருதப்படுகிறது. கேப்பலினும் அருகியதால் மீட்சி தாமதமானது. ஈராண்டுத் தடை 32 ஆண்டுகள் நீண்டது. 2024இல் அது நீங்கியபோது அனுமதிக்கப்பட்ட அளவு 18,000 டன். இருப்பு பற்றி ஐயம் உள்ள இடத்தில் குறைவாகவே பிடிக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கை நெறி, 1995ஆம் ஆண்டின் ஐ.நா. மீன்வள உடன்பாட்டில் இடம்பெற்றது.