திருடப் போகிற நேரம்

"ஒண்ணும் களவு போகல. திருடப் போனார்னு தாத்தாவுக்கு மூணு வருசம்." கம்பம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்ன இந்தப் பேச்சுதான் என்னைச் சட்டப் புத்தகங்களுக்குள் இறக்கிவிட்டது.

களவே நடக்காமல் தண்டனை எப்படி? ஊர்க்காரர்கள் 'ரேகைச் சட்டம்' என்கிற குற்றப் பரம்பரைச் சட்டத்தின் 1924-ஆம் வருடத்து வடிவத்தைப் புரட்டினேன். முதலில் 10-ஆம் பிரிவைச் சந்தேகித்தேன். பிரமலைக் கள்ளர் ஆண்கள் ராத்திரி வீட்டில் படுக்க முடியாமல் சாவடியில் கிடந்தார்களே, அந்த ஆஜர் கெடுபிடிக்கு வேர் அதுதான். ஆனால் 'திருடப் போனார்' என்ற பேச்சு அதில் இல்லை.

24-ஆம் பிரிவில் இருந்தது. இச்சட்டத்தின் கைரேகைப் பதிவேட்டில் பேர் உள்ளவர் திருடப் போகிறார், அல்லது சமயம் பார்த்து நிற்கிறார் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினாலே போதும்: மூன்றாண்டு வரை சிறை. முல்லைப் பெரியாற்றுக் கரையில் அவர் பக்கத்திலேயே நின்ற, பேர் பதியாத ஆளை இந்தப் பிரிவு தொடாது.

பொதுச் சட்டம் இப்படியில்லை. கூட்டுக் கொள்ளைக்கான ஏற்பாடு போன்ற சில தவிர, வெறும் ஆயத்தம் குற்றமாகாது. முயற்சி தொடங்கியிருக்க வேண்டும். பஞ்சாபிலிருந்து உரிமமில்லாமல் நெல் ஏற்றிவந்த லாரியை டெல்லி எல்லைக்கு முன்பே சமால்காவில் மடக்கிய வழக்கில், ஓட்டுநர் வழியில் மனம் மாறியிருக்கலாமே என்று கேட்டு விடுவித்தது உச்ச நீதிமன்றம்.

அந்த 'மாறியிருக்கலாம்' எவ்வளவு நேரம்? 1983-இல் சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் அளந்து பார்த்தார். மணிக்கட்டை மடக்கத் தோன்றிய கணத்தில், கடிகார முகப்பில் சுற்றும் புள்ளி எங்கே இருந்தது என்று ஆட்கள் சொல்ல வேண்டும். மடக்குவதற்கு 0.2 விநாடி முன்தான் ஆசை தெரிந்தது. மூளையின் மின் அலையோ சுமார் 0.55 விநாடி முன்பே எழத் தொடங்கிவிட்டது. சுயேச்சையே பொய் என்று பலர் துள்ளினார்கள். லிபெட் அவ்வளவு தூரம் போகவில்லை. கடைசி நொடித்துணுக்கிலும் 'வேண்டாம்' என்று நிறுத்த இடமுண்டு என்றார். அந்த அலை முடிவே அல்ல, மூளையில் தற்செயலாக ஏறி இறங்கும் சலனமாகவும் இருக்கலாம் என்று ஆரன் ஷூர்கரின் குழு 2012-இல் வாதிட்டது.

விஞ்ஞானிகள் 0.2 விநாடிக்கு இவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள். 24-ஆம் பிரிவு அதைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆள் மனம் மாறுவானா என்ற கேள்விக்குக் கைரேகைப் பதிவேட்டிலேயே பதில் எழுதியாகிவிட்டது.

சென்னை மாகாணம் இச்சட்டத்தை ஒழித்தது 1947-இல். நெல் லாரித் தீர்ப்பு 1968-இல் வந்தது.